பழங்கலத்தின் நியாய விலை

கலம் கட்டுதற்கு ஆகும் செலவை நம்மவரில் சிறுவனும் அறிவான். மரம் இவ்வளவு, ஆணி இவ்வளவு, ஓடாவி கூலி இவ்வளவு என்று கூட்டிச் சொல்லிவிடலாம். ஓடித் தேய்ந்த கலத்துக்கு விலை சொல்லுவதோ பெரியோர்க்கும் அரிதாயிருக்கின்றது. தகப்பனார் காலமானபின் சகோதரர் பாகம் பிரியுங்காலும், பங்காளி ஒருவர் தொழிலை விட்டு விலகுங்காலும், கைம்பெண் ஒருத்தி தன் மக்களின் படிப்புக்காகத் தோணியிலுள்ள கால்பங்கை விற்கப் புகுங்காலும் எழுகின்ற வழக்குகளில் பெரும்பாலன இவ்வொரு கேள்வியையே பற்றி நிற்பன. விற்பவர் தாம் அன்று கொடுத்த கிரயத்தைச் சொல்லுகின்றார். வாங்குபவர் விறகு விலையைச் சொல்லுகின்றார். இரண்டுக்கும் நடுவே நிற்பது யாது? இதனை உலகம் எவ்வாறு கணக்கிட்டு வந்துள்ளது என்பதை ஒருவாறு ஆராய்ந்து, நம் சங்கத்து அன்பர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் பயன்படுமாறு ஈண்டு எழுதத் துணிந்தோம்.

இவ்விஷயத்தில் நாம் அறிந்தவற்றுள் மிகப் பழைய கணக்கு ரோதியர் கடற்சட்டம் என்னும் கிரேக்க நூலில் உள்ளது. கி.பி. 7 அல்லது 8-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பெற்ற அந்நூலை ஆஷ்பர்னர் என்னும் ஆங்கில அறிஞர் 1909-ஆம் ஆண்டில் மூலத்துடன் மொழிபெயர்த்து வெளியிட்டார். புயலில் அகப்பட்ட கப்பலைக் காத்தற் பொருட்டுச் சரக்கைக் கடலில் எறிந்தால், அந்நட்டத்தைச் சரக்குடையாரும் கப்பலுடையாரும் அவரவர் பொருளின் மதிப்புக்கேற்பப் பகிர்ந்துகொள்ளல் வேண்டும். அதற்குக் கப்பலின் மதிப்புத் தெரிய வேண்டுமன்றோ? ஆயிரம் மோதி தானியம் கொள்ளும் கப்பலைக் கருவிகலங்களோடு 50 பொன்னாக மதிக்க என்றும், கப்பல் பழையதாயின் 30 பொன்னாக மதிக்க என்றும், அம்மதிப்பிலும் மூன்றில் ஒரு கூறு தள்ளிக் கணக்கிற் சேர்க்க என்றும் அந்நூல் விதிக்கின்றது.

இவ்விதியில் நாம் கவனிக்கத்தக்கவை உண்டு. கப்பலின் விலையை அதன் கொள்ளளவால் அளந்தனர். உடையவன் கொடுத்த பணத்தால் அளந்திலர். பழமைக்கு ஐந்தில் இரண்டு கூறு குறைத்தனர். அதற்கு மேல் இறங்கவில்லை. ஓடத்தக்க கலம் எத்துணைப் பழையதாயினும் ஓடத்தக்க கலமே என்பது அவர்தம் கருத்துப் போலும். ஆயின் எத்தனை ஆண்டு கழிந்தாற் பழமை என்பதை அவ்விதி வரையறுக்கவில்லை. அக்குறை பின்வந்தோரையும் விட்டபாடில்லை.

பின்னர் ஐரோப்பியர் கைக்கொண்ட ஒரு முறை ஏலம். இங்கிலாந்தில் மெழுகுதிரியில் ஓர் அங்குலம் ஏற்றிவைத்து, அது அணையுமுன் இறுதியாகக் கேட்டவருக்கே பொருள் என்று விற்கும் வழக்கம் இருந்தது. கப்பற்படை அலுவலகத்தில் பணிபுரிந்த சாமுவேல் பீப்ஸ் என்பவர் தம் நாட்குறிப்பில், 1660-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள் அரசுக் கப்பல்கள் இரண்டு இவ்வாறு விற்கப்பட்டதைத் தாம் முதன்முறையாகக் கண்டதாக எழுதியுள்ளார். ஒன்று 1,300 பவுனுக்கும், மற்றொன்று 830 பவுனுக்கும் போயின. திரி அணையும் தருணத்தில் எல்லாரும் ஒருங்கே கூவினமையால், இறுதியாகக் கூவியவர் யாரென்று துணிவதே அதிகாரிகளுக்குப் பெரும்பாடாயிற்று. இரண்டாண்டு கழித்து, 1662-இல், அதே விதமான ஏலமொன்றில் ஒருவர் மட்டும் தவறாமல் கடைசிக் கேள்வியைக் கேட்டு வென்று வந்தார். காரணம் வினவிய பீப்ஸுக்கு அவர் சொன்ன விடை வியப்புக்குரியது. சுடர் அணையப் போகுங்கால் புகை கீழ்நோக்கி இறங்கும். அதைக் கண்டு யான் வாய்திறப்பேன் என்றாராம்!

கலத்தின் ஏராவையும் வங்கையும் பார்த்து விலை சொன்னாரில்லை. புகையைப் பார்த்து விலை சொன்னார். ஏலத்தால் கிடைப்பது அந்த நாழிகையின் விலை. அவசரத்துக்கு விற்பவனும், கடனுக்காக விற்கப்படுபவனும் ஏலத்தில் பெறுவதை நியாய விலை என்று பஞ்சாயத்தார் எழுதிவைத்தல் தகாது.

அங்ஙனமாயின் கலத்தையே பார்த்து மதிப்பிட்டவர் யார்? லண்டன் நகரில் எட்வர்டு லாய்டு என்பவர் பெயரால் விளங்கிய காப்பிக்கடையிற் கூடிய இன்சூரன்ஸ் வியாபாரிகள் 1760-இல் ஒரு சங்கம் அமைத்து, கப்பல்களின் பட்டியலொன்றை அச்சிடத் தொடங்கினர். இன்று நமக்குக் கிடைப்பவற்றுள் முந்தியது 1764-ஆம் ஆண்டுப் பதிவு. அதில் கப்பலின் உடலுக்கு ஆங்கில உயிரெழுத்து ஐந்தாலும் தரமிட்டனர். பாய், கயிறு, நங்கூரம் முதலிய கருவிகட்கு நன்று, நடுத்தரம், தீது என்று வேறாகத் தரமிட்டனர். உடலையும் கருவிகளையும் தனித்தனியே எடைபோட்ட இம்முறை அறிவுடையது என்பதில் ஐயமில்லை. நல்ல உடலில் கிழிந்த பாயும், அழுகிய உடலில் புதுப்பாயும் இருத்தல் நாம் நாடோறும் காண்பதே.

ஆனால் அப்பட்டியலில் ஒரு பெருங்குறை நுழைந்தது. கப்பல் எந்தத் துறையிற் கட்டப்பட்டது, அதற்கு வயது எத்துணை என்னும் இரண்டையே முதன்மையாக வைத்துத் தரமிடலாயினர். தேம்ஸ் நதியிற் கட்டியவை நெடுநாள் முதற்றரத்தில் நின்றன. பிற துறைகளிற் கட்டியவை, எவ்வளவு நன்றாகப் பேணப்பட்டாலும், குறித்த ஆண்டு வந்தவுடன் கீழிறக்கப்பட்டன. பழுது நீக்கியவனுக்கும் நீக்காதவனுக்கும் ஒரே தரம் என்றால் பழுதை யார் நீக்குவர்? கப்பலுடையார் சினந்து 1799-இல் தமக்கெனத் தனிப் பதிவுநூல் ஒன்றை வெளியிடத் தொடங்கினர். இரு கட்சியாரும் முப்பது ஆண்டுக்கு மேல் போட்டியிட்டு நட்டமுற்றுக் கடைசியில் 1834-இல் ஒன்றுகூடினர். அதன்பின் மரத்தின் வகை, வேலையின் திறம், பழுதுபார்த்த விதம் என்பவற்றை நேரிற் கண்டு தரமிடும் முறை வேரூன்றியது. பிறந்த இடத்தைக் கொண்டு ஒரு பொருளைத் தாழ்த்துவது எத்துணைப் பொருந்தாதது என்பதை நம் குலத்தார்க்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இந்தியத் தேக்கு இதற்குச் சான்று பகரும். பம்பாயில் வாடியா குலத்துத் தச்சர் கட்டிய திரிங்கோமலி என்னும் போர்க்கப்பல் 1817-இல் நீரில் இறக்கப்பட்டது. இருநூறு ஆண்டு கடந்தும் அது இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் மிதந்துகொண்டிருக்கின்றது. வயதை மட்டும் நோக்குவார் அதற்கு யாது விலை சொல்லுவர்!

மரக்கலம் எவ்வாறு மூப்படைகின்றது என்பதையும் அறிதல் வேண்டும். நம் கரையில் வங்குக்குக் கருவேலமும், பலகைக்கு அயனி, வேம்பு, இலுப்பை முதலியவும் ஆளப்பட்டன. உப்புநீர் மரத்தைக் கெடுப்பதில்லை, மழைநீரே கெடுக்கும். மேற்றட்டின் இடுக்கு வழியே இறங்கித் தங்கும் நன்னீரால் அணியத்திலும் பின்புறத்திலும் மூட்டுகள் இற்றுப்போம். நீர்க்கோட்டின் கீழே கடற்புழு துளைக்கும். வெளியிற் பார்ப்போர்க்கு ஊசிமுனை போன்ற துளை, உள்ளே விரல் நுழையும் குடைவு. எல்லாவற்றினும் கொடியது இரும்பாணி. துருப்பிடித்த ஆணி தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் மென்மையாக்கிவிடும். பின்னர் எத்தனை முறை கலப்பற்றுச் செய்து குங்கிலியம் பூசினும் பலகை வங்கைப் பற்றி நில்லாது.

ஆங்கிலக் கப்பற்படையார் அலாரம் என்னும் கப்பலின் அடியில் 1761-இல் செப்புத் தகடு அடித்தனர். புழு அண்டவில்லை, பாசியும் சிப்பியும் ஒட்டவில்லை. மகிழ்ச்சியோடு இரண்டாண்டு கழித்துத் தகட்டை எடுத்துப் பார்த்தபோது, செம்பு தொட்ட இடமெல்லாம் இரும்பாணிகள் அரிக்கப்பட்டுக் கிடந்தன. இருவகை உலோகம் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டிருப்பின் இரும்பே அழியும் என்பதை அன்று அறிந்தனர். மேலே பளபளப்பு, உள்ளே நாசம். பழங்கலம் வாங்கப் போகிறவர் புதுவர்ணத்தைக் கண்டு மயங்காமல், ஓர் ஆணியைக் கழற்றிப் பார்க்கக் கேட்பது இதனாலேயாம். ஓடாவி சுத்தியலால் தட்டி ஓசை கேட்பதும், கூரிய ஊசியால் ஏராவைக் குத்திப் பார்ப்பதும் இதற்கே. கணீரென்று ஒலித்தால் மரம் உயிரோடிருக்கிறது. மந்தமாக ஒலித்தால் அழுகல். ஆங்கிலப் பட்டியலின் ஐந்தெழுத்தைவிட இவ்வொலி நம்பத்தக்கது என்பது நம் எண்ணம்.

இனிப் பழுதின் கணக்கைப் பார்ப்போம். மரக்கப்பல் சேதமுற்றுப் பழைய பலகையை நீக்கிப் புதுப்பலகை வைத்தால், உடையவனுக்குப் பழையதற்கு ஈடாகப் புதியது கிடைத்துவிடுகின்றது. ஆகலின் இன்சூரன்ஸ் செய்தவர் செலவு முழுவதையும் கொடாமல், மூன்றில் ஒரு பங்கைத் தள்ளிக் கொடுப்பது ஆங்கிலேயர் வழக்கமாயிற்று. கன்னிப் பயணத்திலுள்ள புதுக்கப்பலுக்கு இத்தள்ளுபடி இருந்ததில்லை. இரும்புச் சங்கிலிக்கு ஆறில் ஒன்றே தள்ளினர். நங்கூரத்துக்கோ ஒன்றுமே தள்ளியதில்லை. 1906-ஆம் ஆண்டுக் கடல் இன்சூரன்ஸ் சட்டமும், அதனைத் தழுவி எழுந்த நம் நாட்டு 1963-ஆம் ஆண்டுச் சட்டமும், பழுதுச் செலவில் வழக்கமான தள்ளுபடிகளைக் கழித்துக் கொடுத்தல் வேண்டும் என்று கூறுகின்றன. ரோதியர் நூலிற் கண்ட மூன்றில் ஒன்றும் இம்மூன்றில் ஒன்றும் ஒரு வேரினவோ, தனித்தனியே முளைத்தனவோ, ஆராய்வார் ஆராய்க. தேய்மானத்துக்கு மூன்றில் ஒரு கூறு என்பது நெடுங்காலம் மாந்தர்க்கு நியாயமாய்த் தோன்றியுள்ளது என்பது மட்டும் தெளிவு.

இதுகாறும் கலத்தின் உடலைப் பற்றியே பேசினோம். உடல் சற்றும் கெடாமலே விலை கெடுதலும் உண்டு. தூத்துக்குடியில் வாழ்வார்க்கு இதற்கு வேறு உதாரணம் தேட வேண்டா. வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் முயற்சியால் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி 1906-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பதிவாயிற்று. மூலதனம் 10 லக்ஷம் ரூபாய். பங்கொன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். முதலில் வாடகைக் கப்பலைக் கொண்டு தொழில் நடத்தி, வாடகைக்கு விட்டோர் பின்வாங்கவே, சொந்தக் கப்பல் இன்றியமையாதது என்று கண்டு, 1907-இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களை விலைக்கு வாங்கிக் கொழும்புக்கு ஓட்டினர். ஊரே திரண்டு வரவேற்றது.

எதிர்க்கம்பெனியாகிய பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியார் யாது செய்தனர்? கட்டணத்தைக் குறைத்தனர். ஆள் ஒன்றுக்கு ஒரு ரூபாய் என்றனர்; சுதேசிக் கம்பெனி அரை ரூபாய் என்றது. பின்னர் இலவசமாகவே ஏற்றிச் சென்று குடையும் கொடுப்போம் என்றளவுக்கு அவர்கள் இறங்கியதை இன்றும் ஊரார் சொல்லிக்காட்டுவர். 1908-ஆம் ஆண்டு மார்ச்சு 12-ஆம் நாள் பிள்ளையவர்கள் சிறைப்பட்டார்கள். தலைவரை இழந்த கம்பெனி தள்ளாடி, 1911-இல் கலைக்கப்பட்டது. கப்பல் எதிரியின் கைக்கே விலையாகிப் போனதை எண்ணிப் பிள்ளையவர்கள் நெஞ்சம் புண்பட்டதை அவர் வரலாறு எழுதினோர் குறித்துள்ளனர்.

வெறும் கணக்கனாக நின்று இதனை நோக்குவோம். 1907-க்கும் 1911-க்கும் இடையில் அக்கப்பல்களின் இரும்பு எவ்வளவு தேய்ந்திருக்கும்? நான்காண்டுத் தேய்மானம் பெரிதன்று. தேய்ந்தது அவற்றின் சம்பாத்தியம். பிரயாணி ஒருவனும் பணம் கொடாத கடலில் கப்பல் வைத்திருப்பவனுக்கு அது சொத்தன்று, சுமை. போட்டியாளனுக்கோ அதே கப்பல் ஆதாயம். ஏனெனில் போட்டி ஒழிந்த மறுநாளே கட்டணத்தை உயர்த்த அவனால் இயலும். விற்பவனுக்குக் குறைந்த விலையும் வாங்குபவனுக்கு மிகுந்த பயனுமாக ஒரு பொருள் கைமாறுமிடத்து, அவ்விலையைச் சந்தை விலை என்று அழைத்தல் தகுமேயன்றி நியாய விலை என்று அழைத்தல் தகாது. இன்றும் ஒரே வியாபாரியிடம் முன்பணம் வாங்கிக் கட்டுண்டவர், அவ்வியாபாரிக்கே படகை விற்கும்போது நிகழ்வது இதுவே.

மறுதலையான நிகழ்ச்சியும் உண்டு. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை ராபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்கித் தம் மனைவியார் பெயரைச் சூட்டினார். வல்வைத் தமிழ் மாலுமிகள் செலுத்த, அது 1938-இல் அமெரிக்காவின் கிளாஸ்டர் துறையைச் சேர்ந்தது. நெல்லும் ஓடும் ஏற்றுவார்க்கு ஒரு விலை. உலகு சுற்றிக் காண விழைவார்க்கு வேறு விலை. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப்பின் கண்ணாடியிழைப் புதுப்படகுகள் தருமமாகக் கரை நிறைய வந்திறங்கிய ஊர்களில் பழம்படகைக் கேட்பார் யார் இருந்திருப்பர் என்பதையும் எண்ணிப் பார்க்க.

பங்கு விற்பனையைப் பற்றிச் சில கூறி மேற்செல்வோம். ஆங்கிலேயர் சட்டம் கப்பற் சொத்தை 64 பங்காக வகுத்தது. நம் நாட்டு 1958-ஆம் ஆண்டு வணிகக் கப்பற் சட்டம் 10 பங்காக வகுத்தது. நம் தோணிகளில் அரையும் காலும் அரைக்காலுமாகப் பிரிந்து கிடப்பது வழக்கம். முழுக்கலத்தின் விலையில் கால்பங்கு யாதோ, அதுவே கால்பங்கின் விலையாதல் வேண்டும். கால்பங்கை அயலார் வாங்கத் துணியார் என்பதைக் காரணமாகக் காட்டிப் பங்காளிகளே விலையைத் தாழ்த்திக் கேட்பதைக் காண்கின்றோம். அயலாருக்கு அவ்வாதம் பொருந்தும். கலத்தின் உள்ளும் புறமும் அறிந்து நாளும் அதில் ஏறும் பங்காளிக்குப் பொருந்தாது. கரையில் இருக்கும் கைம்பெண்ணுக்குக் கலத்தின் நிலை தெரியாது, வாங்குபவருக்குத் தெரியும். 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டப்படி, வாங்குபவன் பொருளைச் சோதித்துப் பார்த்திருந்தால், அச்சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்காகப் பின்னர் வழக்காட இயலாது. குறையறியாமல் வாங்குபவனுக்கே இத்துணைச் சிறு காப்பு என்றால், நிறையறியாமல் விற்பவளுக்குப் பஞ்சாயத்தே காப்பு.

ஓர் உதாரணத்தால் கணக்கை விளக்குவோம். இங்கே வருந்தொகைகள் விளக்கத்துக்காக நாம் அமைத்துக்கொண்டவை. கண்ணாடியிழை நாட்டுப்படகு ஒன்று ஆறாண்டு ஓடியது. இரு தரப்பாரும் இசைந்து அழைத்த ஓடாவி, இன்னும் ஆறாண்டு ஓடும் என்கின்றார். அன்று வாங்கிய விலையை மறந்து, அதே அளவுள்ள புதுப்படகின் இன்றைய விலையைக் கேட்க. அது 4,00,000 ரூபாய் என்று கொள்வோம். பாதி ஆயுள் கழிந்தமையால் உடலின் மதிப்பு 2,00,000. பின்பலகை இற்றிருக்கின்றது, மாற்ற 30,000 ஆகும். புதுப்பலகையால் வாங்குபவருக்கும் நன்மையுண்டாதலால், மூன்றில் ஒன்றை அவர் தலையில் வைத்து, 20,000-த்தை மட்டும் விற்பவர் கணக்கிற் கழிக்க. மிச்சம் 1,80,000. இயந்திரம் புதிது 1,50,000. அதன் ஆயுளில் மூன்றில் ஒரு பங்கே எஞ்சியுள்ளதாகலின் 50,000. ஆகக் கூடுதல் 2,30,000.

இனிச் சம்பாத்தியத்தின் வழியே சோதிப்போம். எண்ணெய், பழுது, ஆட்பங்கு போகப் படகுப்பங்காக ஆண்டுக்கு 75,000 கிடைத்து வந்தது என்க. ஆறாண்டுக்கு 4,50,000. இடையில் புது இயந்திரம் 1,50,000-மும், இப்போது பலகைக்கு 30,000-மும் போனால் மிச்சம் 2,70,000. அப்பணம் இன்று கைக்கு வருவதன்று. ஆறாண்டில் சிறிதுசிறிதாக வருவது. வட்டிக்கும் கடல் அபாயத்துக்கும் ஒரு பகுதி தள்ளினால் ஏறத்தாழ 2,00,000 என்று வைத்துக்கொள்ளலாம். இரு வழியும் சேர்ந்து 2,00,000-க்கும் 2,30,000-க்கும் இடையே விலையை நிறுத்துகின்றன. நடுவே 2,15,000 என்று பஞ்சாயத்தார் முடித்தால் ஒருவரும் மனம் நோகார். கால்பங்கு 53,750. கலத்தின்மேல் பாங்கிக் கடன் இருப்பின், பங்குக்கு முன்னரே அதனை முழு விலையிற் கழித்தல் வேண்டும். இரு வழிக் கணக்கும் வெகுதூரம் விலகி நின்றால், ஓடாவியின் ஆயுட்கணிப்பிலேனும் படகுப்பங்கின் புத்தகத்திலேனும் பிழையுண்டு என்று அறிந்து மீண்டும் பார்க்க.

வலைகளை இக்கணக்கிற் சேர்த்திலோம். அவை கலத்தின் உறுப்பல்ல, வேறாக எழுதத்தக்கவை. கயிறும் பாரும் கலத்தோடு போகும். நங்கூரத்துக்கு மட்டும், முன்சொன்ன பழைய வழக்கப்படி, தேய்மானம் தள்ளாமல் அன்றைய கடைவிலையை அப்படியே கூட்டிக்கொள்க.